கருத்து இல்லை

தி.நகரில், ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்தக் கருத்துக்கணிப்பு நிறுவனத்தில், கிராமங்களிலிருந்து வந்த பேட்டிக் கேசட்டுகளை முழுதாகக் கேட்கும் பொறுமை கிளாடிஸ் ஒருத்திக்குத்தான் இருந்தது. மற்றவர்களுக்குக் கூட்டல் கழித்தல் போதும். தொண்ணூற்றிரண்டாம் வருஷம் அது. உர மானியத்தை வெட்டலாமா கூடாதா என்று டில்லியில் எல்லாரும் வாய் வலிக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். விவசாயிகளையே கேட்டுவிடலாம் என்று ஒரு பத்திரிகை இந்த வேலையைக் கொடுத்தது. கேள்வியும் டில்லியிலிருந்தே தமிழாகி வந்தது: 'அரசு மானியங்களைக் குறைக்க வேண்டுமா?'

நூற்றுக்கு எழுபது பேர் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். முதலாளி ராகவேந்திரனுக்குத் தலைகால் புரியவில்லை. விவசாயியே வேண்டாமென்று சொன்னபிறகு யார் வாயைத் திறப்பார்கள்! நாளைக்கு முதல் பக்கத்தில் வந்துவிடும்.

கிளாடிஸுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. தன் வயிற்றில் தானே யாராவது அடித்துக்கொள்வார்களா? சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு கேசட்டைப் போட்டாள். சண்முகவேல் என்று பெயர் சொன்ன ஒருவர் சீறிக்கொண்டிருந்தார்.

"குறைக்கிறதா? மொத்தமா புடுங்குங்க தம்பி! கோயில் மானியம் அம்பது காணி. பெரிய வூட்டுக்காரங்களே மூணு தலைமுறையா தின்னுக்கிட்டு இருக்காங்க. உழுற எங்களுக்குப் பிடி நெல்லு இல்ல."

அடப்பாவிகளா! உரத்துக்குச் சர்க்கார் கொடுக்கும் மானியத்தைக் கேட்டால், மனிதர் கோயிலுக்கு எழுதிவைத்த நிலத்தைச் சொல்கிறார். அவர் ஊரில் மானியம் என்றால் நிலம்தானே. அடுத்த கேசட்டிலும் இதே கதை, அதற்கடுத்ததிலும் இதே. 'உரம்' என்று ஒரு வார்த்தை சேர்க்க இந்தப் படித்த கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்குள் போனாள்.

"இத நிறுத்துங்க சார். அவங்க நிலத்தச் சொல்லிக்கினு இருக்காங்க. நாம உரத்துக்குக் கணக்குப் போட்டுட்டோம்."

ஹெட்போனில் கேட்ட ராகவேந்திரன் முகம் தொங்கிவிட்டது. பாவம், புரியாதவர் இல்லை.

"நல்லவேளை சொன்னேள். மானம் போயிருக்கும்," என்றார். கிளாடிஸுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "இப்படிச் சொன்னவாளையெல்லாம் பிரிச்சு எடுத்து, 'கருத்து இல்லை'ல போட்டுடுங்கோ."

"கருத்து இல்லையா?"

"கேள்வியே புரியலையே அவாளுக்கு. வேற என்னன்னு போடறது?"

கிளாடிஸுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கேட்கத் தெரியாதவர்கள் இங்கே மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருக்க, பதில் சொன்னவருக்குப் புரியவில்லையாம்! பட்டிக்காட்டானுக்குத் தன் சோற்றைப் பற்றிக்கூட ஒரு அபிப்பிராயம் கிடையாது என்று நாளைக்கு ஊரே சொல்லும். உர மானியமும் போகும், நிலமும் பெரிய வீட்டிலேயே கிடக்கும்.

"என் கையால போட மாட்டேன் சார். வேணும்னா வேற ஆள வெச்சுக்குங்க."

"மெதுவா பேசுங்கோ. வெளியில எல்லாரும் இருக்கா."

அவள் சண்முகவேலின் கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டாள். ஹெட்போன் வயரைப் பிடுங்கிவிட்டு, சத்தத்தை முழுதாகத் திருகினாள். வெளியே டைப்ரைட்டர்கள் நின்றன. சண்முகவேல் நிலத்தைச் சொன்னார், அடைத்துப்போன வாய்க்காலைச் சொன்னார், கோர்ட்டில் தூங்கும் வழக்கைச் சொன்னார். கடைசியில் மூச்சு வாங்கக் கேட்டார்:

"இவ்வளவும் எழுதிக்கிட்டீங்களா தம்பி?"

"எழுதிட்டேங்க," என்றது கேள்வி கேட்டவன் குரல்.