முழங்கை வரை

"இன்னும் ரெண்டு கோழி வேணும்!" என்று வாசலில் நின்று கூவினான் குழிவெட்டிகளின் தலைவன். கையில் மண்வெட்டி, தலையில் யாரோ ஒரு பெண்ணின் தொப்பி. "அங்க குழி தயார். எங்க வயித்துல இருக்கிற குழிதான் இன்னும் நிரம்பல."

சவப்பெட்டியைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் பாட்டை விடாமலே சிரித்தார்கள். லோயிஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஊர் வழக்கத்தில், சாவு வீட்டில் குழிவெட்டிகள் கேலி பேசத்தான் செய்வார்கள். கேட்டதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பெட்டிக்குள் கிடக்கும் அவள் கணவர் டாக்டர் கோண்ட்வே உயிரோடிருந்தால் அவனோடு மல்லுக்கு நின்றிருப்பார்.

மைத்துனன் யோத்தாம் அவளருகே குனிந்தான். "அண்ணி, வெயில் இறங்குது. அந்தப் பையனைக் காணோமே."

லிம்பானி. மிஷன் ஆஸ்பத்திரியில் அவர் அறுவை பழக்கிய கடைசி மாணவன். பயிற்சிக் காலம் முழுக்க லோயிஸ் கையால் சாப்பிட்டவன். குரல் தேய்ந்துபோன கடைசி நாளில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "லிம்பானி ஜெபம் பண்ணி என் பெட்டிய மூடட்டும். வயித்தைத் திறக்கிறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. மூடறதுல அவன்தான் கை சுத்தம்."

காலையில் புறப்பட்டவனை ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு மாட்டுவண்டி மறித்துவிட்டதாம். வண்டிக்குள், பிள்ளை வயிற்றில் குறுக்கே நின்றுபோன பெண். அந்த மாவட்டத்தில் இப்போது அறுவைக்கு அவன் ஒருவன்தான்.

"அண்ணன் தலைநகரத்துக்குப் போயிருந்தா இன்னிக்கு மந்திரிங்க வந்திருப்பாங்க. இங்கேயே கிடந்தாரு. வளர்த்துவிட்டவன்கூட வரல," என்றான் யோத்தாம்.

லோயிஸ் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடிடுங்க."

"ஜெபம்?"

"நான் பண்றேன்."

கத்தி வைக்குமுன் நோயாளியின் கையைப் பிடித்து, ஆண்டவரிடம் அந்தப் பெயரைச் சொல்வது கணவரின் வழக்கம். மாணவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுப்பதும் அதைத்தான். அவள் அவர் கையைப் பிடித்தாள்.

"ஆண்டவரே, இவர் ஹேஸ்டிங்ஸ் கோண்ட்வே."

ஆமென் என்றார்கள் பெண்கள்.

மண்மேட்டில் பூ வைத்துத் திரும்பி, முற்றத்தில் பந்தி தொடங்கியபோது லிம்பானி ஓடி வந்தான். காதோரம் முகக்கவச நாடாவின் தடம் இன்னும் சிவந்திருந்தது.

"அம்மா, நான்... என்னை..."

"பேரு என்ன?" என்றாள் லோயிஸ். தினமும் வீடு திரும்பும் கணவரிடம் அன்றைய நோயாளியைப் பற்றிக் கேட்ட அதே கேள்வி.

"எஸ்னாத்."

"பொழைச்சாளா?"

"ரெண்டு பேரும்மா. பொம்பளப்புள்ள."

யோத்தாம் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான்.

லோயிஸ் செம்பை எடுத்து லிம்பானியின் கையில் தண்ணீர் ஊற்றினாள். மற்றவர்கள் விரல் நனைத்து நகர்ந்த இடத்தில் அவன் நகக்கண், மணிக்கட்டு, முழங்கை என்று தேய்த்துக்கொண்டே போனான்.

"டாக்டரே, சோளக்களியைத் திங்கத்தான் போறீங்க, அறுக்க இல்ல!" என்றான் பின்னால் நின்ற குழிவெட்டித் தலைவன்.

லிம்பானி வெட்கப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டான்.

"இருப்பா," என்றாள் லோயிஸ். காலிச் செம்பை வாளியில் முக்கி எடுத்து, மறுபடியும் ஊற்றினாள்.