மீட்புப் பிரதிகளுக்குள் பதுங்கியது

மூன்றாம் முறையாகத் தம்பி வந்து கணினியின்முன் அமர்ந்தபோது, "வா" என்று சொல்லவும் அக்காவுக்குத் தெம்பில்லை. வீட்டின் முன்னறையில் அவள் நடத்திவந்த இரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து முடிவுகள் மின்னஞ்சலில் பெரிய மருத்துவமனைக்குப் போகும். அவற்றோடு வைரஸும் ஒட்டிக்கொண்டு போயிற்று. இனி ஒருமுறை அப்படி வந்தால் வேலையை வேறு நிலையத்துக்குக் கொடுத்துவிடுவதாக மருத்துவமனை அன்று காலையில் கறாராகச் சொல்லிவிட்டது. அந்த வேலை போனால் நிலையத்தை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

கணினி பழுதுபார்ப்பது தம்பியின் தொழில். ஒவ்வொரு முறையும் துப்புரவாகத் துடைத்துவிட்டுத்தான் போனான். அவன் தலை மறைந்ததும் வைரஸ் வெட்கமின்றித் திரும்பிவந்தது. இதில் யார் கைவைக்கிறீர்கள் என்று அவன் கேட்டதும், நாளிதழில் முகம் புதைத்திருந்த அவள் கணவர் நிமிர்ந்தார். கணினி மந்தமாகும்போதெல்லாம் அதைப் பழைய தேதிக்குத் திருப்பிவிடும் வித்தை தமக்குத் தெரியும் என்றும், தாம் இல்லையென்றால் அது என்றைக்கோ படுத்திருக்கும் என்றும் பெருமையோடு விளக்கினார்.

"மச்சான், நான் முன்வாசல் வழியா அடிச்சு விரட்டுறேன். நீங்க பின்கதவைத் திறந்து கூப்பிட்டு உட்கார வைக்கிறீங்க."

அவர் நாளிதழை மடித்து வைத்தார். தம்பி பொறுமையாக எடுத்துச் சொன்னான். கணினி அவ்வப்போது தன்னையே பிரதியெடுத்துப் பூட்டிய பெட்டியைப்போன்ற ஓரிடத்தில் வைத்துக்கொள்கிறது. வைரஸ் இருந்த நாளில் எடுத்த பிரதியில் வைரஸும் இருக்கும்; பழைய தேதிக்குத் திருப்பினால் அதுவும் கூடவே திரும்பிவரும். ஆன்டிவைரஸால் அந்தப் பூட்டைத் திறக்க முடியாது. பிரதியெடுக்கும் வசதியையே நிறுத்தினால் எல்லாப் பிரதிகளும் அழியும். அதன்பிறகு துடைத்தால்தான் துடைத்ததாகும்.

அதிலும் ஓர் ஆபத்து இருந்தது. இரத்த அணுக்களை எண்ணும் கருவிக்குரிய மென்பொருளை நிறுவும் குறுந்தட்டு எப்போதோ தொலைந்துவிட்டது. வைரஸ் அதிலும் தொற்றியிருந்து, துடைக்கும்போது அந்த மென்பொருளும் சேர்ந்து போனால், மீட்க எந்தப் பிரதியும் இராது. ஒன்றையாவது விட்டுவைக்கலாமே என்று கணவர் இழுத்தார். எது நல்லது, எது கெட்டது என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றான் தம்பி.

அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு அமர்ந்தாள். "எல்லாத்தையும் அழிச்சிடுடா. பயந்து பயந்து சேர்த்து வச்சதுதான் இப்போ நம்ம உயிரை எடுக்குது."

"யோசிச்சுச் சொல்லுக்கா. அப்புறம் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது."

"உன் சட்டையைப் பிடிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. நகரு."

அழிக்கும் பொத்தானை அவளே அழுத்தினாள். பிரதிகள் நொடியில் மறைந்தன. துடைக்கும் வேலை மட்டும் பிற்பகல் முழுவதையும் விழுங்கிற்று. முடிவில் வைரஸ் ஒழிந்தது. அஞ்சியபடியே கருவியின் மென்பொருளும் அதனோடு போயிற்று. கருவியை விற்ற நிறுவனத்தாரோ, ஆள் அனுப்பச் சில நாள்களாகும் என்று அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்கள்.

அக்கா யாரையும் ஏசவில்லை. அலமாரியிலிருந்து நுண்ணோக்கியை இறக்கித் துடைத்தாள். மருத்துவமனையிலிருந்து வந்திருந்த அன்றைய இரத்த மாதிரிகளை ஒவ்வொன்றாக வைத்து, அணுக்களைக் கண்ணாலேயே எண்ணிச் சொன்னாள். கணவர் மறுபேச்சில்லாமல் தட்டச்சு செய்தார். முடிவுகள் தாமதமாகத்தான் போயின. மருத்துவமனையிலிருந்து எச்சரிக்கை வரவில்லை. மறுநாள் மாதிரிகளை எத்தனை மணிக்கு அனுப்பலாம் என்று மட்டுமே கேட்டிருந்தார்கள்.

காலையிலேயே அனுப்பச் சொல்லி எழுதுமாறு கணவரிடம் கூறிவிட்டு, கழுத்தைத் தேய்த்துக்கொண்டு மீண்டும் நுண்ணோக்கியின்மேல் குனிந்தாள்.