ஒற்றை விசில்

எங்கள் மேனேஜருக்கு மலை பஸ் என்றால் என்னவென்றே தெரியாது. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லி மெமோ வாங்கியவன் நான், கண்டக்டர் மரியஅந்தோணி. சேலத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, ஸ்டாப் இல்லாத இடத்தில் பஸ்ஸை நிறுத்தினார் என்று டிரைவர் பொன்னுவேல் அண்ணனை சஸ்பெண்டு செய்தாரே, அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் டிக்கெட் பையையே மேசைமேல் வீசியிருப்பேன். மாதாதான் என் கையைப் பிடித்தாள்.

ஏற்காட்டு மலைப்பாதையில் ஸ்டாப் பலகை எத்தனை இருக்கிறது? அடிவாரத்தில் ஒன்று, நடுவில் ஏதோ இரண்டு மூன்று, அப்புறம் மேலே ஒண்டிக்கடை ஜங்ஷன். எஸ்டேட் ஜனம் என்ன, பலகைக்குப் பக்கத்திலா குடியிருக்கிறது? எந்த வளைவில் கை நீட்டினாலும் நான் ஒரு விசில் கொடுப்பேன், வண்டி நிற்கும். ஏறியதும் இரண்டு விசில், கிளம்பும். எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் வீட்டுக்கு மருந்து, பிள்ளை மறந்துவிட்டுப் போன சோற்று டப்பா, கல்யாணத்துக்கு வரச்சொல்லித் தாக்கல், எல்லாம் எங்கள் வழியாகத்தான் மேலே ஏறும், கீழே இறங்கும். மலை பஸ் என்றால் அதுதான்.

பொன்னுவேல் அண்ணன் வெறும் டிரைவர் இல்லை, எங்கள் சங்கத்தின் கிளைச் செயலாளர். தூங்க விடாமல் டபுள் டூட்டி போடுகிறார்கள் என்று மேனேஜரிடம் மல்லுக்கு நின்றவர். அன்றிலிருந்து அவர்மேல் ஒரு கண். பலாப்பழக் கூடையோடு மழையில் நனைந்த ஒரு பெண்ணுக்காக அவர் ஒரு வளைவில் நிறுத்தினார். அன்றைக்குப் பார்த்து செக்கிங் இன்ஸ்பெக்டர் வண்டியில் இருந்தார். விசில் கொடுத்த எனக்கு எச்சரிக்கை, அண்ணனுக்கு சஸ்பெண்டு. வெள்ளிக்கிழமை விசாரணை. வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று ஆபீஸ் பியூனே என் காதில் ஓதினான்.

டெப்போவுக்குப் பின்னால் பழைய டயர்கள்மேல் உட்கார்ந்து கூட்டம் போட்டோம். ஆளாளுக்குக் கத்தினோம். அப்போது டிரைவர் ஐயாக்கண்ணு எழுந்தார். வாயைத் திறக்காத மனுஷன்.

"ஸ்ட்ரைக்குன்னா அவிங்களுக்குத்தானுங்க கொண்டாட்டம், மொத்தமா சீட்டைக் கிழிச்சுப்போடுவாங்க. ரூலை மீறுனோம்னு தானுங்க சொன்னாங்க? நாளையிலிருந்து ரூல்படியே ஓட்டிப்போடலாமுங்க."

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் போட்டோமே ஒரு கூச்சல்! டயரே குலுங்கியது.

மறுநாள் திருவிழாதான். ரூல்படி வளைவுக்கு வளைவு ஹாரன். ரூல்படி மலையில் நின்றுகொண்டு வர ஆள் கிடையாது, சீட்டு நிறைந்தால் கதவைச் சாத்து. ரூல்படி டிக்கெட் இல்லாத மூட்டை ஏறாது. மருந்தா, டப்பாவா, தாக்கலா? மன்னிக்கணுங்க, ரூல் இல்லை. வளைவுகளில் கை நீட்டியவர்களைத் தாண்டி வண்டி போனபோது விசில் என் வாய்க்குள் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஜனம் சும்மா இருக்குமா? எங்கள் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டியது. இரண்டாம் நாள் ஒண்டிக்கடையில் வெள்ளையம்மாள் என் பையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். காப்பி எஸ்டேட்டில் வேலை, வாய் என்றால் வாய்.

"ஏனுங்க கண்டக்டரே, கை நீட்டுனா கண்ணு தெரியாதுங்களா? நேத்து மழையில ஊடு வரைக்கும் நடந்தே போனேன். நொம்பத்தான் கொழுப்பேறிப் போச்சு உங்களுக்கு!"

எனக்கும் சுருக்கென்று ஏறிவிட்டது. "போன வாரம் பலாப்பழக் கூடையோட நின்னது யாருங்க? நீங்கதானே? உங்களை ஏத்துன பாவத்துக்குத்தான் பொன்னுவேல் அண்ணனுக்கு வேலை போகப்போகுது. இனி எங்களை நிக்கச் சொல்றதுன்னா மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லுங்க!"

அவள் கை பையிலிருந்து நழுவியது. அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததே இல்லை.

"என்னைய ஏத்துனதுக்கா?" என்றாள். அப்புறம் சேலையை இழுத்துச் செருகினாள். "அப்ப இது எங்க சோலிங்க. அந்த அண்ணனை மறுபடி வண்டியில ஏத்தாம நாங்க விட மாட்டோம். வியாழக்கிழமை ஒண்டிக்கடையில எல்லாரும் ரோட்டுல உக்காருறோம். எந்த வண்டி போகுதுன்னு பாக்கலாம்!"

அடேயப்பா, மலையே பற்றிக்கொண்டது. எஸ்டேட் எஸ்டேட்டாகச் சேதி போனது. புதன்கிழமை அவள் அடிவாரத்துச் சொந்தக்காரர்களையும் கூப்பிட்டுவிட்டு எங்கள் வண்டியிலேயே மேலே திரும்பினாள். மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. ஸ்டியரிங்கில் ஐயாக்கண்ணு, சீட்டு பூரா பெண்கள், நாளைக்கு யார் எங்கே உட்காருவது என்று ஒரே சத்தம்.

பாதி மலையில், ஒரு வளைவில், ஓரமாக ஒரு ஜீப். பானெட்டிலிருந்து ஆவி. பக்கத்தில் தொப்பலாக நனைந்து கை நீட்டிக்கொண்டு நின்றது யார் என்கிறீர்கள்? எங்கள் மேனேஜர்! நாளைய மறியலைத் தடுக்கப் போலீசைப் பார்க்க மேலே கிளம்பியவர்.

"நிறுத்தாதீங்க! போகட்டும், போகட்டும்!" என்று வண்டியே அலறியது. எனக்கும் அதே ஆசைதான், பொய் சொல்வானேன்? அவர்மேல் சேறு தெறிக்கப் போக வேண்டும் என்று நெஞ்சு கொதித்தது.

ஆனால் என் வாய் இருக்கிறதே! கை நீட்டிய ஆளைக் கண்டதும் அது என்னைக் கேட்காமலேயே ஒரு விசில் கொடுத்துவிட்டது. ஐயாக்கண்ணுவின் காலும் அவரைக் கேட்கவில்லை. வண்டி நின்றது.

ச்சே என்று தலையில் அடித்துக்கொண்டேன். மேனேஜர் ஓடி வந்து படியில் கால் வைத்தார்.

"சார், இங்க ஸ்டாப் இல்லீங்களே," என்றேன். "நிறுத்திப்போட்டோம். எங்க ரெண்டு பேரையும் சஸ்பெண்டு பண்ணிட்டு ஏறுறீங்களா, ஏறிட்டுப் பண்றீங்களா?"

அவர் மூக்கு நுனியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. பின்னால் திரும்பி ஜீப்பைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். சுற்றிலும் எங்கேயும் ஒரு பலகை இல்லை.

"ஏறிக்கறேன்பா," என்றார்.

"நின்னுட்டு வர ரூல் இல்லீங்க சாமி," என்றாள் வெள்ளையம்மாள். பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். ஆனால் அவளே கூடையை மடிக்கு இழுத்து இடம் விட்டாள். "இடிச்சுக்கிட்டு உக்காருங்க. எனக்கும் அன்னைக்கு இப்படித்தானுங்க மழை. அந்த அண்ணன் நிறுத்துனாரு."

மேனேஜர் உட்கார்ந்தார். ஒண்டிக்கடை வரும்வரை கைக்குட்டையைப் பிழிந்து பிழிந்து முகத்தைத் துடைத்தார். இறங்கும்போது என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நாளைக்கு முதல் வண்டி பொன்னுவேலை எடுக்கச் சொல்லு. ஆர்டர் போட்டுடறேன்."

வண்டிக்குள் எழுந்த சத்தத்தில் கடைக்காரர்கள் எல்லாம் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். ஐயாக்கண்ணு ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் டிக்கெட் பையோடு ஆடினேன், வெட்கமில்லாமல் அழவும் அழுதேன்.

மறுநாள் காலை முதல் வண்டி. பொன்னுவேல் அண்ணன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு எடுத்தார். பழைய வளைவு திரும்பியதும் வெள்ளையம்மாள், பக்கத்தில் கூடை, நீட்டிய கை. நான் விசிலை வாய்க்குக் கொண்டு போனேன்.

ஊதவே இல்லை. அதற்குள் அண்ணன் பிரேக்கை அழுத்தியிருந்தார்.