தென்னை மரத்தின் மேல் இரண்டாம் முறை

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, வாய்க்காலின் குறுக்கே கிடந்த தென்னை மரத்தை ராமாயி ஒருமுறை கடந்து முடித்துவிட்டாள். படம் பிடிக்க வந்தவர்களுக்கு அது போதவில்லை.

"நல்லாத்தான் வந்தீங்க. ஆனா குனிஞ்சே வந்துட்டீங்களே, முகமே விழல," என்றார் ராஜராஜன். அவளுக்குப் பயிற்சி கொடுத்த தஞ்சாவூர் மருத்துவமனையின் விளம்பரப் பொறுப்பு அவருடையது. "இன்னொரு தடவை. கேமராவைப் பார்த்து, சிரிச்சுக்கிட்டே."

ராமாயி தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். பதினைந்து ஆண்டுச் சர்க்கரை நோய் அவள் பாதங்களை மரக்கட்டையாக்கியிருந்தது. முள் தைத்தாலும் இரத்தத்தைக் கண்ட பிறகே தெரியும். ஆறு வாரமாக அந்த மருத்துவமனையில், கணுக்காலில் கருவி கட்டிக்கொண்டு கணினித் திரைமுன் நின்று பழகினாள். உடல் சாய்ந்தால் திரையில் ஒரு புள்ளி சாயும். அதை வட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். பாதம் சொல்ல மறந்ததைக் கண்ணால் கேட்கக் கற்றாள். இப்போது அந்தக் கண்ணையும் இவர் கேட்கிறார்!

"சார், கீழ பார்க்காம அவங்களால முடியாது," என்று குறுக்கிட்டாள் பயிற்சியாளர் தஹ்மீனா.

"அப்போ ஆறு வாரமா என்னதாம்மா சொல்லிக் கொடுத்தே?" என்றவர், ராமாயியிடம் குரலைத் தணித்தார். "படம் நல்லா வந்தாத்தான் உங்க தெருவுக்கு இலவசப் பயிற்சி தொடரும்."

தெருவில் இன்னும் ஏழு பெண்கள் அந்தப் பயிற்சிக்குக் காத்திருந்தனர். ராமாயி மரத்தில் ஏறினாள்.

நான்கு அடி வைத்தாள். கண் கேமராவில் இருந்தது. கால் எங்கே இருந்ததென்று யார் அறிவார்? ஐந்தாம் அடியில் வானம் சரிந்தது. கீழே, மேட்டூர் அணையில் திறந்துவிட்ட புதுத் தண்ணீர் சுழித்து ஓடியது. சட்டென்று குனிந்து, மரத்தைக் கட்டிக்கொண்டு, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள்.

"கட்! கட்!" என்று கத்தினார் ராஜராஜன்.

"நிறுத்தாத தம்பி, ஓடட்டும்," என்றாள் ராமாயி, கேமரா பிடித்த வளவனிடம். மூச்சு இரைத்தது, குரல் இரைக்கவில்லை. "என் காலு தேறிடுச்சுன்னு காட்ட வந்தீங்க. இந்த மரத்தையும் காட்டுங்க. பிள்ளைத்தாச்சியையும் இதுலதான் தூக்கிட்டுப் போறோம், பொணத்தையும் இதுலதான் தூக்கிட்டுப் போறோம். பாலம் கேட்டு ஒம்பது மனு கொடுத்தாச்சு. ஒருத்தன் வந்து எட்டிப் பார்த்தானா?"

"அதுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம்? எழுந்து வாங்க."

"நீங்க வந்து கூட்டிட்டுப் போங்க சார். உங்க காலுக்குத்தான் உணர்ச்சி இருக்கே!"

ராஜராஜன் ஒரு காலை மரத்தில் வைத்தார். மரம் இலேசாக உருண்டது. காலை எடுத்துக்கொண்டார். வளவன் கேமராவை அவர் பக்கம் திருப்பியிருந்தான்.

"அதை எடுக்காதய்யா!"

தஹ்மீனா செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் இறங்கினாள். இடுப்பளவுத் தண்ணீரில் வந்து ராமாயியின் காலைப் பற்றிக்கொண்டாள். "மரத்தைப் பார்த்தே எழுந்திரிங்க. நான் பிடிச்சிக்கிறேன்."

"வரேன் கண்ணு. பாலம் இல்லாத கதையையும் படத்துல போடுவேன்னு அவரு வாயால சொல்லட்டும், அப்புறம் வரேன்."

ராஜராஜன் கைபேசியை எடுத்தார். யாரை அழைப்பதென்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சல் கேட்டுத் தெருப்பெண்கள் ஒவ்வொருவராகக் கரைக்கு வரத் தொடங்கினார்கள்.