வளையமில்லாத புழு

அசாராவின் கணுக்காலில் கொப்புளம் உடைந்து வெள்ளை நூல் ஒன்று எட்டிப் பார்த்தது. ஊர் வாய் சும்மா இருக்குமா?

"குளத்துக்குக் காவல் இருந்தவளுக்கே நரம்புச் சிலந்திப் புழுவாம்!"

சுகாதாரத் தொண்டர் நெய்ண்டோ தினமும் வந்து புழுவைக் குச்சியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிவிட்டுப் போனான். "அவசரப்பட்டு இழுத்துடாதக்கா. அறுந்தா காலே போயிடும்."

அவளுக்கா தெரியாது? குளக்கரையில் பெண்களுக்கு அவளேதானே பாடம் எடுத்தாள். நாடா மாதிரித் தட்டையாக இருந்தால் நாடாப்புழு. உடம்பெல்லாம் வளையம் வளையமாக இருந்தால் மண்புழு. வளையமே இல்லாமல் நூலாக நீண்டால் இந்தப் பாவிதான். குடித்த தண்ணீரோடு உள்ளே போய், ஒரு வருஷம் வளர்ந்து, பிறகு காலைப் பொத்துக்கொண்டு வரும். அந்தக் காலோடு குளத்தில் இறங்கினால் புழு குஞ்சுகளைக் கொட்டித் தண்ணீரைக் கெடுக்கும்; யாரும் அப்படி இறங்காமல் பார்ப்பதுதான் காவல்.

அப்படியானால் போன வறட்சியில் குடித்த தண்ணீர். துணியில் வடிகட்டாமல் அவள் தன் வீட்டில் ஒரு மிடறு குடித்ததில்லை. குடித்தது தோழி வும்பினி வீட்டில் மட்டும்தான். வந்தவருக்குச் சுரைக்குடுவையில் தண்ணீர் கொடுத்த பிறகுதான் அவர்கள் ஊரில் பேச்சே தொடங்கும். வடிகட்டினாயா என்று கேட்பது முகத்தில் துப்புவதற்குச் சமம்.

அதே வறட்சியில் வும்பினி குளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். கரையேறும்போது அவள் குதிகாலில் வெள்ளையாக ஏதோ தொங்கியது.

"என்னடி அது?"

"மண்புழுடி, சேத்துல ஒட்டிக்கிச்சு. உனக்கு எதைப் பார்த்தாலும் நரம்புச் சிலந்திதான்!"

அதில் வளையம் இல்லை. அசாரா பார்த்தாள். பார்த்தும் சிரித்தாள், சேர்ந்து வளர்ந்தவள் பொய் சொல்வாளா என்று.

நேற்று ஊர்த்தலைவர் முற்றத்தில் கூடிப் பேசினார்கள். அசாராதான் புழுவோடு குளத்தில் இறங்கியிருப்பாள் என்று முடிவு கட்டிக் காவலைப் பறித்தார்கள். பறித்ததை வும்பினியிடம் கொடுத்தார்கள். அவளும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டாள்.

இன்று அவளே குடுவையில் தண்ணீரோடு வந்து நின்றாள்.

"குடிடி. வடிகட்டினதுதான்."

"போன வருஷம் வடிகட்டினியா?"

வும்பினி தலையைக் குனிந்தாள். "அன்னைக்குச் சொல்லியிருந்தா புழு முழுசா வெளிய வர்ற வரைக்கும் என்னை வைத்திய முகாம்ல உட்கார வச்சிருப்பாங்க. எண்ணெய்க்கு விக்கிற ஷியா கொட்டை விழுற நேரம். மொத்தத்தையும் அடுத்தவங்க பொறுக்கிட்டுப் போயிருப்பாங்கடி."

"கொட்டை அடுத்த வருஷமும் விழும். சரி, இப்பவாவது ஊர்ல போய்ச் சொல்லு."

"நேத்துதானே காவலைக் கொடுத்தாங்க! இன்னைக்கு எப்படிடி சொல்றது?"

அசாரா இடுப்பில் செருகியிருந்த வடிகட்டும் துணியை உருவினாள். வாய் வைக்காத குடுவையின் மேல் அதைப் போட்டு, வும்பினி பக்கமே தள்ளினாள்.

"எடுத்துட்டுப் போ. காவக்காரிக்குத்தான் இது வேணும்."