சிவக்காத கம்பி

பூட்டு ரிப்பேர்காரருக்குத் தன் கைமேல் அசாத்திய நம்பிக்கை. எப்பேர்ப்பட்ட பூட்டும் அவர் கைக்கு வந்தால் ஐந்து நிமிடத்தில் வாயைத் திறந்துவிடும். அப்படிப்பட்டவரை ஒரு மில்லிமீட்டர் தடிமன் வெள்ளிக் கம்பி மூன்று வாரம் பாடாய்ப் படுத்தியது.

மனைவிக்கு ஒரு கைச்சங்கிலி தானே செய்து போட வேண்டும் என்று ஆசை. கம்பியை ஆணியில் சுற்றி, வளையம் வளையமாக வெட்டிக் கோக்க வேண்டியதுதானே என்று உட்கார்ந்தார். முதல் சுற்று சரியாக வரவில்லை. நிமிர்த்தி மறுபடி சுற்றினார். கம்பி விறைத்துக்கொண்டது. கொஞ்சம் அழுத்தியதும் படக்கென்று ஒடிந்தது.

மனைவியின் தம்பி நகைப் பட்டறை வைத்திருந்தான். போனில் விவரம் சொன்னான்.

"வளைக்க வளைக்க வெள்ளி இறுகிப் போகும் மாமா. சூடு காட்டினா எளகிடும். கம்பிய சுருட்டி செங்கல் மேல வைங்க. திரைய இழுத்து ரூம இருட்டாக்கிக்கோங்க, வெளிச்சத்துல நெறம் தெரியாது. கேஸ் டார்ச் நெருப்ப ஒரே எடத்துல பிடிக்காதீங்க. லேசா செவந்ததும் நெருப்ப எடுத்துடுங்க. அவ்வளவுதான்."

சனிக்கிழமை மதியம் திரையை இழுத்துவிட்டு, சின்ன கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தார். நீல நெருப்பு கம்பியைச் சுற்றிச் சுற்றி வந்தது. கம்பி கருத்தது. அவர் கண் கொட்டாமல் பார்த்தார். சிவக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கையில் சுருள் துவண்டு உருகி, மிளகு மிளகாக உருண்டு போனது.

"ரொம்பக் கிட்டப் பிடிச்சிருப்பீங்க" என்றான் மச்சினன். மறுவாரம் தள்ளிப் பிடித்தார். அதே மிளகுதான். டார்ச்சில் கோளாறா, கம்பியில் கலப்படமா, ஒன்றும் பிடிபடவில்லை.

மூன்றாவது வாரம் மனைவியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அவள் நூலகத்தில் வேலை பார்ப்பவள்; எதையும் நிதானமாகச் சொல்வாள்.

"போதும், எடுங்க. செவந்துடுச்சு."

"எங்க செவந்துச்சு?"

"இதோ, முழுசா. எடுங்கன்னு சொல்றேன்ல."

"கரேல்னு இருக்குது. நீ எதப் பாக்கற?"

பேச்சு முடிவதற்குள் கம்பி உருகிவிட்டது. அவர் வேண்டுமென்றே வம்பு பண்ணுகிறார் என்று அவள் நினைத்தாள். தன்னைக் குழப்பவே அவள் சொல்கிறாள் என்று அவர் நினைத்தார். இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

மூன்றாம் நாள் மச்சினனே நேரில் வந்து டார்ச்சைப் பிடித்தான். "இப்ப பாருங்க மாமா, செவப்பு."

"மாப்ள, அக்காவும் தம்பியும் பேசி வச்சிருக்கீங்களா?"

மச்சினன் டார்ச்சை அணைத்தான். மாமாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு திரையை விலக்கிவிட்டு, "நாளைக்கு கண் டாக்டர ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடலாம்" என்று மட்டும் சொன்னான்.

டாக்டர் புள்ளி புள்ளியாக அச்சிட்ட ஒரு புத்தகத்தை விரித்தார். மனைவி பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்களைப் படித்தாள். அவருக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன.

"உங்களுக்கு செவப்பு தெரியாது. பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான் இருந்திருக்கும். பயப்பட ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர்.

பயப்படவில்லை. ஆனால் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். ஐம்பத்தொரு வயது. சிக்னலில் மேல் விளக்கு எரிந்தால் நிற்பார். அதன் பேர் சிவப்பு என்று சொல்லியிருந்தார்கள். தக்காளியை அமுக்கிப் பார்த்து வாங்குவார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றல்லவா இருந்தார்?

வீட்டுக்கு வந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் கேட்க ஆரம்பித்தார். "இந்தக் கதவு?" "பச்சை." "இந்தச் சட்டை?" "ரோஸ்." "ரோஸா? இதப் போட்டுக்கிட்டா பத்து வருஷமா கடைக்குப் போறேன்?"

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. சட்டென்று நின்றது.

"கல்யாணம் ஆன புதுசுல எனக்கு ஒரு குடை வாங்கிக் குடுத்தீங்களே, அது என்ன நெறம்?"

"பழுப்பு. அடக்கமா இருக்கட்டும்னுதான் தேடி எடுத்தேன்."

"ரத்தச் செவப்புங்க அது. ஊரே திரும்பிப் பாத்துச்சு. இந்த மனுஷனுக்கு எவ்வளவு துணிச்சல்னு நான் நெனச்சுக்கிட்டேன்."

அவள் மனதில் இத்தனை வருடம் இருந்த அந்தத் துணிச்சல்காரன் யார் என்று அவருக்குப் புரியவில்லை. அவளுக்கும்தான்.

"செவப்புன்னா எப்படி இருக்கும்?" என்றார்.

"சூடா..." என்று தொடங்கியவள், "சொல்லத் தெரியலீங்க" என்றாள்.

மச்சினன்தான் வழி சொன்னான். "கம்பி மேல மார்க்கர் பேனாவால ஒரு கோடு போடுங்க மாமா. சரியான சூடு வந்ததும் கோடு மறஞ்சிடும், அப்ப நெருப்ப எடுத்துடுங்க. செவப்பே வேண்டாம்."

கோடு போட்டார். சூடு காட்டினார். கோடு மங்கி மறைந்ததும் டார்ச்சைத் தூக்கிவிட்டார். தண்ணீரில் போட்டு எடுத்த கம்பி நூல் மாதிரி விரலில் சுற்றிக்கொண்டது. அடுத்த ஞாயிறன்று சங்கிலி மனைவியின் கையில் ஏறியது.

திங்கட்கிழமை கடைக்கு ஒரு வாடிக்கைக்காரர் இரண்டு சாவிகளோடு வந்தார். தலையில் பிளாஸ்டிக் மூடி போட்ட சாவிகள். "செவப்பு மூடி போட்டதுக்கு மட்டும் ஒரு நகல்" என்றார். முன்பெல்லாம் இரண்டையும் கையில் உருட்டிக்கொண்டு, வாடிக்கைக்காரர் கண் எதன்மேல் போகிறது என்று பார்ப்பார். அன்று நேராகவே கேட்டார்.

"எதுங்க செவப்பு?"

வாடிக்கைக்காரர் ஒருமாதிரி பார்த்துவிட்டு ஒன்றைத் தொட்டுக் காட்டினார். ரிப்பேர்காரர் அதை எடுத்து, மற்றதன் பக்கத்தில் வைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சாவி வெட்டும் மெஷினை ஓட்டினார்.