அலுமாரி போட்ட தாளம்

என் அண்ணன் கிருஷ்ணராஜுக்குக் காது இரண்டும் நன்றாக இருக்கிறது. கேட்கிற பழக்கம்தான் கிடையாது.

கல்யாணத்தன்று எங்கள் ஊரான குருவிட்டயில் நான் மண்டபத்துக்குள் நுழையும்போது போட, தானே கம்ப்யூட்டரில் ஒரு பாட்டுச் செய்வதாகச் சொல்லிவிட்டான். மெதுவாக, மரியாதையாக நடந்து வருகிற மாதிரி இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். கேகாலையிலிருந்து வருகிற மாப்பிள்ளை வீட்டார் முழுப்பேரும் என் நடையைத்தானே பார்ப்பார்கள்.

சீதனத்துக்கு வாங்கிய இரும்பு அலுமாரி எங்கள் வீட்டு அறையில் நின்றது. அதை ஒட்டி அண்ணனின் ஸ்பீக்கர். ஒவ்வொரு கனத்த பேஸ் சத்தமும் அடித்த பிறகு ‘ம்ம்ம்ம்’ என்று அடங்காமல் இழுத்தது. கம்ப்யூட்டரில் சத்தம் எழும்பி அடங்குவதற்கு ஒரு கோடு உண்டு. அடங்குகிற பக்கத்தைச் சுருக்கினான். அப்போதும் இழுத்தது. இன்னும் சுருக்கினான். ஹெட்செட்டில் கேட்டுப் பாரேன் என்றேன். பேஸை நெஞ்சால்தான் கேட்க வேண்டுமாம். கடைசியில் கோடு மண் சரிந்த மேடு மாதிரி நேராகக் கீழே விழுந்தது. அளவாக இருக்கிறது என்று எழுந்துவிட்டான்.

மண்டபத்தில் பாட்டு விக்கியது. டுப். டுப். நடுவில் கால் வைக்க ஒன்றுமே இல்லை. நான் தத்தித் தத்தி வந்தேன். என் பின்னால் தோழி ஷாமிளாவும் தத்தினாள். அவமானத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமியார் நல்ல மனுஷி. அதுதான் வினை. கேகாலைக்குப் போன நாளிலிருந்து, மாலையானால் தைலப் போத்தலோடு வந்து என் முழங்காலைத் தேய்த்துவிடுவார். நான் தத்தியதற்குப் பாட்டுதான் காரணம் என்று எத்தனை தடவை சொன்னாலும், பாவம், நோயை மறைக்கிறாள் என்றே நினைத்தார்.

அண்ணன் விருந்துக்கு வந்தபோது ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு வந்தான். மாமியார் தைலத்தோடு உட்கார்ந்திருக்க, சீதன அலுமாரி நின்ற என் அறையில் அதே பாட்டைப் போட்டான். பேஸ் அழகாக இழுத்து மெல்ல அடங்கியது.

“கேட்டீங்களா மாமி? பாட்டுல ஒரு கொறையும் இல்ல. இவளுக்குத்தான் நடக்கத் தெரியல” என்றான்.

கோபத்தோடு எழுந்தேன். அலுமாரிக் கதவில் முதுகைச் சாய்த்தேன். டுப். டுப். விலகினேன். ம்ம்ம்ம். மறுபடி சாய்ந்தேன். டுப். இவன் அன்றைக்கு அடக்கப் பார்த்தது என் அலுமாரியின் முனகலை.

அண்ணன் அலுமாரியைச் சுற்றி வந்து பார்த்தான்.

“அப்ப இதையும் மண்டபத்துக்குத் தூக்கிட்டு வந்திருக்கணும்” என்றான்.

மாமியார் என் முழங்காலைப் பார்த்தார். போத்தலை இறுக்கி மூடி, அண்ணன் கையில் வைத்தார்.

“தம்பி, இதக் கொண்டுபோயி ஒங்க பாட்டுக்குத் தேச்சிவிடுங்க.”